ஸ்காண்டியத்துக்கு யார் பதில் சொல்வது?

பதினோராம் வகுப்பில் வேதியியல் படித்த யாரையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள். "1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி..." என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அப்புறம் காமர்ஸ் பக்கம் போனவர்கள், சட்டம் படித்தவர்கள், மளிகைக்கடை வைத்தவர்கள் எல்லாருக்கும் இது ஞாபகம் இருக்கும். சாய்வாக அம்புக்குறி போட்ட அந்தப் படமும் ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்காதது ஒன்றே ஒன்றுதான்: ஏன்?

ஏன் என்பது ஞாபகம் இல்லாததற்குக் காரணம் மறதி இல்லை. அது சொல்லப்படவே இல்லை. சொல்லப்பட்டது ஒரு காரணம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அந்தக் காரணம் தவறு. தவறு என்பது ஆராய்ச்சி இதழ்களில் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வருகிறது. ஆனாலும் உலகம் முழுக்கப் பள்ளிப் புத்தகங்கள் அதையே அச்சடிக்கின்றன, தேர்வுகள் அதையே கேட்கின்றன. இந்தக் கட்டுரை அந்தத் தவறைப் பற்றியது.

புத்தகம் சொல்லும் கதை

மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக. ஒவ்வொரு ஆர்பிட்டாலிலும் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்கள். 4எஸ் என்பது ஒரே ஆர்பிட்டால், எனவே 2 எலக்ட்ரான். 3டி என்பது ஐந்து ஆர்பிட்டால்கள், எனவே 10 எலக்ட்ரான். ஆற்றல் குறைந்த இடம் முதலில் நிரம்பும். 4எஸ்-ன் ஆற்றல் 3டி-ஐ விடக் குறைவு. ஆகவே 4எஸ் முதலில் நிரம்பும், பிறகுதான் 3டி. இதற்கு ஆஃபா தத்துவம் என்று பெயர். பொட்டாசியம் (19) 4எஸ்¹, கால்சியம் (20) 4எஸ்², ஸ்காண்டியம் (21) 3டி¹ 4எஸ்². கணக்கு சரியாக வருகிறது. சந்தோஷம்.

இரண்டு பக்கம் தள்ளி, அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் இடைநிலைத் தனிமங்கள் பாடத்தில், இன்னொரு வரி வரும். இரும்பு 3டி⁶ 4எஸ்². அது அயனியாகும்போது முதலில் எந்த எலக்ட்ரான்கள் வெளியேறும்? 4எஸ். ஏன்? 4எஸ்-ன் ஆற்றல் அதிகம், அது வெளியே இருக்கிறது.

கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே போகும்போது 4எஸ்-ன் ஆற்றல் குறைவு. வெளியே வரும்போது அதே 4எஸ்-ன் ஆற்றல் அதிகம். எது உண்மை?

கவனித்துப் படிக்கும் எந்த மாணவிக்கும் இந்தக் கேள்வி வரும். கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மூன்று வகை. "அது அப்படித்தான், எழுதிக்கோ." "நிரப்பும்போது ஒரு வரிசை, எடுக்கும்போது ஒரு வரிசை." "இது சிலபஸ்ல இல்ல." வகுப்பிலேயே அறிவியல்பூர்வமான ஒரே கேள்வியைக் கேட்டவள் தலையைக் குனிந்து உட்காருவாள். ஒப்பித்தவன் சென்டம் வாங்குவான்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது வேறு மாதிரி சிரிப்பை வரவழைக்கும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும் என்பது சரக்கு மதிப்பீட்டில் ஒரு முறை. அதை ஒரு கடைக்காரர் தேர்ந்தெடுத்தால், ஏன் என்று கேட்டால் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். அணுவுக்கு மட்டும் காரணமே தேவையில்லையாம் :-)

அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்பதை யாரும் விதியை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. நிறமாலையை அளந்து கண்டுபிடித்தார்கள். எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகளே நிறமாலைக் கோடுகளின் பெயரிலிருந்து வந்தவைதான். கூர்மையான வரிசை, முதன்மை வரிசை, பரவலான வரிசை, அடிப்படை வரிசை என்று ஆங்கிலத்தில் வைத்த பெயர்களின் முதல் எழுத்துகள். முதலில் அளவு, அதற்குப் பிறகுதான் விதி. இந்த வரிசையைப் புத்தகங்கள் தலைகீழாக்கிவிட்டன.

அளவையே கேட்போம். 19 எலக்ட்ரான்கள் உள்ள மூன்று பேரை வரிசையாக நிறுத்துங்கள். முதலாவது பொட்டாசியம் அணு, அணுக்கருவில் 19 புரோட்டான். இரண்டாவது ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியம், 20 புரோட்டான். மூன்றாவது இரண்டு எலக்ட்ரானை இழந்த ஸ்காண்டியம், 21 புரோட்டான். மூன்றிலும் 18 எலக்ட்ரான்கள் ஆர்கானைப் போலவே உள்ளே அடங்கியிருக்கின்றன. மிச்சம் ஒரே ஒரு எலக்ட்ரான். அது 4எஸ்-க்குப் போகிறதா, 3டி-க்குப் போகிறதா?

பொட்டாசியத்தில் 4எஸ். அங்கே 3டி நிலை 4எஸ்-க்குச் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. கால்சியம் அயனியிலும் 4எஸ்தான், ஆனால் இடைவெளி சுமார் 1.7-ஆகக் குறைந்துவிட்டது. ஸ்காண்டியம் அயனியில்? 3டி. அங்கே 4எஸ் நிலைதான் 3டி-க்குச் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது.

ஆக, ஸ்காண்டியத்தில் 3டி கீழே, 4எஸ் மேலே. ஸ்காண்டியம் அணுக்கருவைச் சுற்றி ஒவ்வொரு எலக்ட்ரானாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், ஆர்கான் அமைப்புக்குப் பிறகு முதலில் போய் உட்காருவது 3டி-யில். அடுத்த இரண்டும்தான் 4எஸ்-க்குப் போகின்றன. எடுக்கும்போது கடைசியில் வந்த 4எஸ் முதலில் போகிறது. எந்த முரண்பாடும் இல்லை, எந்த மாயமும் இல்லை. முரண்பாடு முழுக்கப் புத்தகத்தில்தான் இருந்தது.

தவறு எங்கே நுழைந்தது?

இரண்டு வாசல் வழியாக.

முதல் வாசல்: பொட்டாசியம், கால்சியம், ஸ்காண்டியம் மூன்றும் வேறு வேறு அணுக்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரு எலக்ட்ரான் மட்டும் கூடவில்லை, அணுக்கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. 1920-களின் தொடக்கத்தில் நீல்ஸ் போர் இந்தக் கட்டுமான யோசனையை வளர்த்தபோது அது தனிமத்திலிருந்து தனிமத்துக்குப் போகும் நடைதான். புத்தகங்கள் அதை ஒரே அணுவுக்குள் நடக்கும் கதையாக மாற்றிவிட்டன. மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பை அடுத்தடுத்து வைத்துவிட்டு, "பாருங்கள், இந்தக் கம்பெனி மூன்று வருடத்தில் இப்படி வளர்ந்திருக்கிறது" என்று சொன்னால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

இரண்டாவது வாசல்: ஆர்பிட்டாலை ஒரு காலி அறை என்று நினைப்பது. லாட்ஜில் அறைகள் ஏற்கெனவே கட்டி, வாடகை ஒட்டி வைத்திருக்கிறார்கள், எலக்ட்ரான்கள் வந்து குறைந்த வாடகை அறையாகப் பார்த்துச் சாவி வாங்குகின்றன என்கிற படம். இந்தப் படத்தை ஆர்பிட்டால் என்ற சொல்லே ஏற்காது. 1926-ல் எர்வின் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானை ஓர் அலையாக வைத்துச் சமன்பாடு எழுதினார். அந்த அலையிலிருந்து எலக்ட்ரான் எங்கே அகப்படும் என்பதற்கான நிகழ்தகவு கிடைக்கும் என்று அதே ஆண்டு மாக்ஸ் பார்ன் சொன்னார். இந்த அலைச்சார்புக்குச் சுருக்கப் பெயராக ஆர்பிட்டால் என்ற சொல்லை ராபர்ட் முல்லிகன் கொண்டுவந்தது 1932-ல். பாதை என்று பொருள்படும் ஆர்பிட் வேறு, ஆர்பிட்டால் வேறு. இது பாதையும் இல்லை, அறையும் இல்லை. அந்த எலக்ட்ரான் இருக்கும் நிலையைச் சொல்லும் ஒரு கணக்கு.

ஹைட்ரஜனில் ஒரே எலக்ட்ரான் என்பதால் அந்தக் கணக்கு எளிது. அங்கே 3டி-யைப் பிய்க்க 1.51 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், 4எஸ்-ஐப் பிய்க்க 0.85 போதும். அதாவது 3டி கீழே, 4எஸ் மேலே. இரண்டாவது எலக்ட்ரான் வந்தவுடனேயே கணக்கு மாறுகிறது, ஏனென்றால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும். எந்த ஆர்பிட்டாலின் ஆற்றல் எவ்வளவு என்பது அணுக்கருவின் மின்சுமையையும் மற்ற எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. வாடகை, யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும் லாட்ஜ் இது.

பொட்டாசியத்தில் 3டி எலக்ட்ரான் உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்களுக்கு வெளியேதான் பெரும்பாலும் திரியும். அதற்குத் தெரிவது கிட்டத்தட்ட ஒரே ஒரு புரோட்டானின் இழுப்பு மட்டுமே. அதனால்தான் பொட்டாசியத்தில் 3டி-யைப் பிய்க்கத் தேவையான ஆற்றல் சுமார் 1.67, ஹைட்ரஜனின் 1.51-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 4எஸ் எலக்ட்ரானோ அவ்வப்போது அணுக்கரு வரை எட்டிப் பார்த்துவிட்டு வரும், எனவே அதிக இழுப்பு, 4.34. ஆனால் அணுக்கருவில் மின்சுமை கூடக் கூட, 3டி சடாரென்று உள்ளே சுருங்குகிறது, அதன் ஆற்றல் வேகமாகக் கீழே இறங்குகிறது. ஸ்காண்டியத்தில் அது 4எஸ்-ஐத் தாண்டிவிட்டது. எனவே எல்லாத் தனிமத்துக்கும் பொதுவாக ஒரே ஏணி வரைந்து வைப்பதுதான் அடிப்படைத் தவறு. பொட்டாசியத்தின் ஏணி வேறு, ஸ்காண்டியத்தின் ஏணி வேறு.

"3டி கீழே என்றால் ஸ்காண்டியத்தின் மூன்று எலக்ட்ரானும் 3டி-யிலேயே உட்கார வேண்டியதுதானே, ஏன் 4எஸ்-ல் இரண்டு?" நல்ல கேள்வி. 3டி சின்ன இடம். ஒன்று உட்கார்ந்த பிறகு இன்னொன்று வந்தால் விலக்கம் பலமாக இருக்கும். 4எஸ் வெளியே பரந்து விரிந்த இடம், விலக்கம் குறைவு. அணுவுக்கு முக்கியம் தனித்தனிப் பொருளின் விலை இல்லை, பில்லின் மொத்தத் தொகை. ஒன்று 3டி-யிலும் இரண்டு 4எஸ்-லும் இருந்தால் மொத்தத் தொகை குறைவு. அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள 16 வயது போதாதா?

அனாமத்துக் கணக்கு

இத்தோடு போகவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்படும். குரோமியம் விதிப்படி 3டி⁴ 4எஸ்² ஆக இருக்க வேண்டும். அளந்தால் 3டி⁵ 4எஸ்¹. உடனே புத்தகம் ஒரு வரி சேர்க்கிறது: பாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய ஆர்பிட்டால்களுக்குக் கூடுதல் நிலைத்தன்மை உண்டு. தாமிரத்துக்கும் அதே வரி, 3டி¹⁰ 4எஸ்¹.

இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுத் தற்காலிகமாகச் சமன் செய்வார்கள். பிழையைக் கண்டுபிடித்தவுடன் அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். வேதியியல் புத்தகத்தில் அனாமத்துக் கணக்கைத் திறந்தார்கள், மூடவே இல்லை. அதற்கு மேலே ஒரு பெயர் எழுதி, தத்துவம் என்று மாணவர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு கடுமை என்கிறீர்களா? குரோமியத்துக்கு நேர் கீழே பாருங்கள். மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹. சரி, பாதி நிரம்பியது. அதற்கும் கீழே டங்ஸ்டன். 5டி⁴ 6எஸ்². பாதி நிரம்பும் வாய்ப்பு இருந்தும் வேண்டாம் என்றுவிட்டது. நையோபியம் 4டி⁴ 5எஸ்¹. இது விதிப்படியும் இல்லை, பாதியும் இல்லை. ருத்தேனியம் 4டி⁷ 5எஸ்¹, ரோடியம் 4டி⁸ 5எஸ்¹. இவை எந்தப் பாதி, எந்த முழுமை? பல்லேடியம் இன்னும் ஒரு படி மேலே போய் 5எஸ்-ஐயே காலி செய்து 4டி¹⁰ என்று நிற்கிறது.

இட்ரியம் முதல் காட்மியம் வரை அந்த வரிசையில் பத்துத் தனிமங்கள். விதிக்குக் கட்டுப்படுபவை இட்ரியம், ஜிர்கோனியம், டெக்னீசியம், காட்மியம். நாலே நாலு. நையோபியம், மாலிப்டினம், ருத்தேனியம், ரோடியம், பல்லேடியம், வெள்ளி என்று ஆறு பேர் விதிவிலக்கு. பத்துக்கு ஆறு விதிவிலக்கு என்றால் அதற்குப் பெயர் விதியா? நூற்றுக்கு நாற்பது மார்க். பாஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து யாரும் பிள்ளைக்குப் பாடம் எடுக்க மாட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம். ஒரே திசையில் சுழலும் எலக்ட்ரான்களுக்கிடையே பரிமாற்ற ஆற்றல் என்று ஒன்று உண்டு, அது உண்மை. குரோமியத்தில் அதற்குப் பங்கும் உண்டு. ஆனால் அது பல செலவு, வரவுகளில் ஒன்று. விலக்கம், அணுக்கருவின் இழுப்பு, கீழ் வரிசைகளில் சார்பியல் விளைவு எல்லாம் சேர்ந்துதான் மொத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு வரவை மட்டும் காட்டி லாபம் என்று சொல்வது எப்படிப்பட்ட கணக்கு என்று பி.காம். முதலாண்டுப் பையனுக்குத் தெரியும்.

அம்புக்குறிப் படத்துக்கும் மரியாதை உண்டு. 1936-ல் எர்வின் மாடெலுங் வெளியிட்ட அந்த வரிசை, தனிம வரிசை அட்டவணையில் வரிசைகளின் நீளம் ஏன் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று போகிறது என்பதை அழகாகக் காட்டுகிறது. அட்டவணையில் அடுத்த தொகுதி எங்கே தொடங்கும் என்பதைச் சொல்லும் வழிகாட்டிப் பலகை அது. ஊர் எந்தப் பக்கம் என்று காட்டும் பலகையை, ஊர் உருவான வரலாறு என்று படித்துக் காட்டினால் குற்றம் பலகையின் மீது இல்லை.

வழக்கமான மறுப்புகள்

"பள்ளிப் பிள்ளைகளுக்குக் குவாண்டம் இயற்பியல் புரியாது, எளிமைப்படுத்தித்தான் சொல்ல வேண்டும்." எளிமைப்படுத்தலாம், யார் வேண்டாம் என்றது? பூமியை உருண்டை என்று சொல்வது எளிமைப்படுத்தல், துருவத்தில் அது கொஞ்சம் தட்டை என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பூமி தட்டை என்று சொல்வது பொய், அதைப் பிறகு அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். 4எஸ் எல்லா அணுவிலும் 3டி-க்குக் கீழே என்பது இரண்டாவது வகை. உண்மையை மூன்று வரியில் சொல்லலாம்: பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் கீழே. ஸ்காண்டியத்திலிருந்து 3டி கீழே, ஆனால் அது நெரிசலான இடம் என்பதால் சில எலக்ட்ரான்கள் 4எஸ்-ல் இருக்கின்றன. எனவே அயனியாகும்போது 4எஸ் முதலில் போகிறது. மூன்றே வரி. பழைய பாடத்தைவிட நீளமில்லை, முரண்பாடும் இல்லை.

"எப்படியும் விடை சரியாக வருகிறதே?" விடை சரியாக வந்து காரணம் தவறாக இருந்தால் கணக்கு ஆசிரியர் மார்க் போடுவாரா? வேதியியலின் பெருமையே காரணம் சொல்வதில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டெலிபோன் டைரக்டரி.

"மேல்படிப்புக்குப் போகிறவர்கள் அங்கே சரியாகக் கற்றுக்கொள்வார்கள்." போகிறவர்கள் எத்தனை பேர்? பள்ளியோடு வேதியியலை முடித்துக்கொள்பவர்கள்தான் எந்த ஊரிலும் பெரும்பான்மை. அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வேதியியல் என்றால் அந்த அம்புக்குறிப் படம்தான். "சயின்ஸ் நமக்கு வராது, அது மக்கப் அடிக்கிறவங்களுக்கு" என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அவர்களில் பலர் புரியாததால் வெளியே வந்தவர்கள் இல்லை. முரண்பாட்டைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள், பதில் கிடைக்காதவர்கள். அறிவியல் இழக்கக் கூடாதவர்களைத்தான் இந்தப் பாடம் வடிகட்டி வெளியே அனுப்புகிறது.

"இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு, புத்தகத்துக்கு வர நாளாகும்." புதியதா? வேதியியல் ஆசிரியர்களுக்கான அமெரிக்க இதழிலேயே 1978-ல் பிலார் இந்த 4எஸ், 3டி குழப்பத்தைப் பற்றி எழுதினார். அதே இதழில் 2010-ல் ஷ்வார்ட்ஸ் முழுக் கதையையும் விளக்கினார். தனிம வரிசை அட்டவணையின் வரலாற்றை எழுதிய எரிக் ஸ்கெர்ரி 2013-ல் ஆசிரியர்களுக்காகவே தனிக் கட்டுரை எழுதினார். 1978-ல் பதினோராம் வகுப்பு படித்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். பேரப்பிள்ளைகளும் அதே அம்புக்குறியைத்தான் வரைகிறார்கள்.

என்னதான் செய்ய வேண்டும்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். எலக்ட்ரான் அமைப்பு அளந்து கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு வரி அச்சடிக்கட்டும். பொதுவான ஒரே ஏணிக்குப் பதிலாகப் பொட்டாசியத்துக்கு ஒன்று, ஸ்காண்டியத்துக்கு ஒன்று என்று இரண்டு ஏணி வரையட்டும். பாதி நிரம்பினால் நிலைத்தன்மை என்பதைக் குரோமியத்தோடு நிறுத்தாமல் டங்ஸ்டனையும் நையோபியத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். வினாத்தாளில் "அமைப்பை எழுதுக" என்பதோடு, "ஸ்காண்டியம் இரண்டு எலக்ட்ரானை இழந்தால் மிச்சமுள்ள ஒன்று எங்கே இருக்கும், ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். ஒப்பிப்பவனும் யோசிப்பவளும் அந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடுவார்கள்.

மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. 4எஸ்தான் எப்போதும் கீழே என்றால், இரண்டு எலக்ட்ரானை இழந்த ஸ்காண்டியத்தில் மிச்சமிருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானுக்கு 4எஸ் காலியாகத்தான் கிடந்தது. அது ஏன் 3டி-யில் உட்கார்ந்திருக்கிறது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுக்கவும்.